எட்டுக்கு மேல் தாங்காத மிஷின்

"மிஷினா, ஆளா? சாயங்காலத்துக்குள்ள எனக்கு அது தெரியணும்" என்றார் நமச்சிவாயம்.

துர்கா தலையாட்டினாள். அந்தப் பட்டுச்சேலை டிசைன் சென்டரில் சாஃப்ட்வேர் பார்க்கிற வேலைக்கு அவள் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஆளை மாட்டிவிடுகிற வேலை.

முதலாளி கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. தணிந்த குரலில்தான் சொன்னார்.

"மிஷின்ல கோளாறுன்னா புதுசு வாங்கிடலாம். மரியம்மாதான் கோளாறுன்னா வேற ஆள் பார்க்கணும். கை சரியாயிடுச்சுன்னு அவங்களே சொல்றாங்க. ஆனா வேலை பாதிதான் முடியுது."

நாலு கம்ப்யூட்டர், நாலு ஆள். சேலையில் வரப்போகிற மயிலையும் அன்னத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, புள்ளி புள்ளியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு புள்ளி தப்பினால் போதும், சேலை முழுக்க மயிலுக்கு மூக்கு கோணிக்கொள்ளும்.

காலையில் புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு மிஷினையும் கேட்கும்: ஒரே நேரத்தில் உன்னால் எத்தனை டிசைன் திறந்து வைத்துக்கொள்ள முடியும்? அது சொல்கிற எண்ணைப் பார்த்துத்தான் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும்.

முதல் இரண்டும் பதினாறு என்றன. மூணாம் நம்பர் எட்டு என்றது. நாலாம் நம்பர் இருபத்துநாலு.

மூணாவதில் மரியம்மாள். நாலாவதில் உதயகுமார்.

"வாம்மா, வந்து பாரு இந்தக் கொடுமையை" என்றான் உதயகுமார். "எட்டு வாங்கினதுமே மூணாம் நம்பருக்கு வயிறு நெறைஞ்சுடுது. மிச்சம் மொத்தமும் என் தலையில. நான் இன்னா ரெண்டு தலையோடவா பொறந்தேன்?"

"காலையிலேயே ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று சிரித்தாள் முதல் மிஷினில் இருந்த ரேவதி.

"பின்ன இன்னா? மிஷினா அது? விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. ஒரு வேலை சொல்லக் கூடாது."

மரியம்மாள் ஐயம்பேட்டையிலிருந்து வருகிறவள். மூணு மாசம் முன்னால் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று. ஆனாலும் இடது கையால்தான் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

துர்கா வேலையில் இறங்கினாள். இந்த விஷயத்தில் மிஷினைக் கேட்டால் அது ரெண்டு எண் சொல்லும். தன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பது ஒன்று. இப்போதைக்கு இவ்வளவு போதும் என்று யாரோ போட்டு வைத்தது இன்னொன்று. பழைய புரோகிராம் ரெண்டாவதை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. துர்கா நாலு வரி எழுதி ரெண்டையும் கேட்க வைத்தாள்.

பதில் வந்தது. மூணாம் நம்பரால் முப்பத்திரண்டு முடியும். யாரோ அதை எட்டில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

மற்ற மூணு பேரும் டீக்குப் போன நேரமாகப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, இந்த மிஷின்ல யாராவது கை வெச்சாங்களா?"

"தெரியலைமா. டிசைனைத் தவிர நான் இதுல ஒண்ணும் தொட மாட்டேன்." மரியம்மாள் குரலை இறக்கினாள். "ஒண்ணு சொல்லட்டா? அது கம்மியா குடுக்கறது எனக்கும் நல்லதாத்தான் இருக்குது. விரல் இன்னும் மடங்க மாட்டேங்குது. சார்கிட்ட சொல்லிடாதம்மா."

துர்காவுக்குச் சுருக்கென்றது. தன் வேலையைத் தானே குறைத்து வைத்துக்கொண்டு மிஷின் மேல் பழி போடுகிறதா இந்தம்மா? கை வலி பாவம்தான். அதற்காகப் பக்கத்தில் ஒருத்தன் தினமும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா?

"எனக்குப் பொய் வராதுக்கா" என்றாள் பட்டென்று. "சார் கேட்டா இருக்கறதைத்தான் சொல்லுவேன்."

மரியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. "சொல்லும்மா" என்றாள். அப்புறம் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த எட்டு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பிடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது. துர்கா அந்த ஃபைலைத் திறந்தாள். எண்ணுக்கு மேலே, போட்ட ஆள் தமிழில் ஒரு வரி தட்டி வைத்திருந்தார். படித்தாள். நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள்.

நமச்சிவாயம் உள்ளே வந்தார். "இன்னாமா, தெரிஞ்சுதா?"

மரியம்மாளின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"எட்டுதான் முடியும்னு மிஷின் சொல்லுது சார்" என்றாள் துர்கா. "நானே கேட்டுப் பார்த்துட்டேன்."

"அப்போ புதுசு வாங்கிடலாமா?"

"வேணாம் சார். ரெண்டு மூணு மாசத்துல தானா சரியாயிடும்."

"மிஷின் எங்கனா தானா சரியாவுமா?"

"இது ஆவும் சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்த பெண், ஏதோ தெரிந்துதான் சொல்கிறது என்று நினைத்திருப்பார். போய்விட்டார்.

"அதுவரைக்கும் நான் இதோட மாரடிக்கணுமா?" என்று முனகினான் உதயகுமார்.

துர்கா ஃபைலை மூடுவதற்கு முன்னால் அந்த வரியை மட்டும் இன்னும் ஒரு தரம் பார்த்தாள்.

'மரியம்மா அக்கா கை தேறுற வரைக்கும் இதுக்கு எட்டு போதும், மீதி எட்டை என் மிஷின்ல ஏத்திக்கிட்டேன், அக்காவுக்குத் தெரிய வேணாம் – உதயகுமார்.'