விட்டாச்சு!

“கெடுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும் சார். என் கொழுந்தன்தான்.”

வரைபட ஆபீஸை நடத்தும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவே இல்லை. கொழுந்தன் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக் குடும்பக் கதை கேட்கப் பொறுமை கிடையாது. “முதல்ல மெஷினைக் காட்டும்மா.”

ஒரே கம்ப்யூட்டர். உள்ளே திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டு இரண்டு, வெளியே இரண்டு திரை. ஒன்றில் அந்த அம்மாளின் புருஷனான அண்ணன், ஒன்றில் தம்பி. நடுவில் மரத்தடுப்பு. நிலப்படம் வரைகிற புரோகிராம் அரதப்பழசு. இந்த மெஷினை விட்டால் வேறெதிலும் ஓடாது.

“விடு!” என்று கத்தினார் அண்ணன்.

“விட்டாச்சு!” என்றான் தம்பி, ஒரு விசையைத் தட்டி.

அண்ணன் திரையில் கோடுகள் விழுந்தன.

“பாத்தீங்களா? நாள் பூரா இந்தக் கூத்துதான். மறந்துபோய் ரெண்டு பேரும் ஒண்ணா வரைஞ்சா ரெண்டு திரையும் இருட்டு. மாமனார் செத்த அன்னிக்குப் போட்ட சண்டை, மூணு வருஷமா அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. படம் எங்கே நேரத்துக்கு முடியறது?”

“ரெண்டு கார்டுக்கும் மெஷினுக்குள்ள முகவரி ஒண்ணுதாம்மா. ஒரே கதவு எண்ணுல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் என்ன பண்ணுவான்? முறை வெச்சு வழிவிட ஒரு நடுவர் புரோகிராம் இருக்கு. போட்டா கத்த வேண்டாம்.”

“ரெண்டு ஆள் வந்து போட்டாச்சு சார். ரெண்டே நாள். மறுபடி விடு, விட்டாச்சு!”

மெக்கானிக் உள்ளே துழாவிப் பார்த்தார். நடுவர் இருந்தது. யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

“வேணும்னே செஞ்சிருக்காங்க.”

“நான் சொல்லலை? வயித்தெரிச்சல். அண்ணன் பேர் கெடணும். இன்னொரு தடவை கெடட்டும், வேற வேலை பாத்துக்கடான்னு அனுப்பிடறேன்.”

மெக்கானிக் நடுவரை எழுப்பினார். எவன் கையும் படாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி அவர் கடை வாசலில் வந்து நின்றான்.

“பாஸ்வேர்டு வேணும் சார்.”

“எதுக்கு? மறுபடி அணைக்கவா?”

“ஆமா.”

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வான் என்று மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. “வெக்கமா இல்லை? கூடப் பிறந்தவர்யா அவர்!”

“எங்களுக்குள்ள அந்த ஒரு வார்த்தைதான் சார் மிச்சம். ஒரு நாளைக்கு நாப்பது தடவை ‘விடு’ம்பார். அந்தக் குரலை வெச்சே தெரியும், சளி பிடிச்சிருக்கா, முட்டி வலியா, அண்ணிகிட்டத் திட்டு வாங்கினாரான்னு. ரெண்டு நாளா சத்தமே இல்லை. நேத்து ஒரு தடவை இருமினார். அவ்வளவுதான்.”

“நேரா பேசித் தொலைய வேண்டியதுதானே?”

“யார் சார் முதல்ல பேசறது?”

“இன்னொரு தடவை கெட்டா வெளியே அனுப்பிடுவேன்னு உங்க அண்ணி சொன்னாங்களே, காதுல விழுந்ததா?”

“விழுந்துது. அதுக்காகத்தானே சொன்னாங்க.”

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினார். “கார்டு கிழடு, இதுக்கு மருந்தே கிடையாதுன்னு உங்க அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஓடு.”

அவன் தெருமுனை திரும்பியிருக்க மாட்டான். போன் அடித்தது. அண்ணன்.

“வீட்டுக்காரி இப்பதான் வெளியே போனா சார். அதான் கூப்பிடறேன்.” குரல் ரகசியமாக வந்தது.

“என்ன, வேலை செய்யலையா?”

“ரொம்ப நல்லா செய்யுது.” அண்ணன் கொஞ்சம் தயங்கினார். “முன்னாடி போட்டதெல்லாம் ரெண்டே நாள்ல கெட்டுச்சு சார். இது எப்பக் கெடும்?”

மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்க.”