நாணயம் நுழையும் சந்து

"ஒரே ஷீட்டுல பிறந்தவங்களுக்கு நடுவுல சந்து எதுக்கு? பார்க்கறவங்க என்ன பேசுவாங்க?"

மேல் பலகை இதையே மூன்றாவது தடவையாகக் கத்தினாள். பிளைவுட்டை நீள நீளமாக அறுத்து, தச்சர் சுவரில் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகுவார். ஆணி அடித்ததும் உருவிக்கொள்வார்.

"உன்னைப் பார்க்கத்தான் ஊரே வரிசையில நிக்குதா? வாயை மூடு அக்கா," என்றாள் அவள் தங்கை, கீழ்ப் பலகை.

"மழை வரட்டும் தாயே, அப்புறம் பேசு," என்றது நாணயம்.

சுவரின் உச்சிக்கு வந்தபோது தச்சருக்குப் பசி. கடைசி இரண்டு பலகைகளையும் நாணயமில்லாமல் ஒட்டியே அடித்துவிட்டார்.

"அதுங்க எவ்வளவு பாசமா ஒட்டிக்கிட்டிருக்கு பார்!" என்று அக்காளுக்கு வயிற்றெரிச்சல்.

ஐப்பசி மழையில் சுவரில் ஈரம் ஏறி, எல்லாப் பலகைகளும் உப்பின. உச்சியிலிருந்த பாசமலர்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பிதுங்கின. தச்சர் வந்து இரண்டையும் கழற்றி எறிந்தார். அக்காளும் தங்கையும் உப்பியும் இடித்துக்கொள்ளவில்லை.

"அப்பாடா! தப்பிச்சோம்டி," என்றாள் அக்கா.

வெயில் வந்ததும் பெயிண்டர் விரிசல் அடைக்கும் புட்டி டப்பாவோடு வந்து மூடியைத் திறந்தார்.

"புட்டியம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், எங்க சந்தை மட்டும் அடைச்சிடாதே!" என்று கத்தினாள் அக்கா.