மந்திரிக்குக் காப்பி

வினாண்ட் கிழவரின் சமையலறை ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வயலுக்கு அப்பால் நிலக்கரி தோண்டும் எந்திரம் கரகரவென்று மண்ணைத் தின்கிறது. மேசைமேல் கரண்டி நடுங்குகிறது. எதிரே சுற்றுச்சூழல் மந்திரி ஆல்முட், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சுரங்கம் வேண்டாமென்று இவரோடு மரத்தில் ஏறிக் குந்தியிருந்தவள்தான். அந்தப் பேரில்தான் ஓட்டு வாங்கினாள், மந்திரியும் ஆனாள். "கையெழுத்துப் போட்டுட்டேன், வினாண்ட். உன் வீடும் போகுது. இந்த ஊரைக் கொடுத்தாத்தான் மத்த ஊருங்க தப்பிக்கும்." கிழவருக்குக் கோபம் வரவில்லை. வருமென்று கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கிறார். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருக்கிறது. "அன்னிக்கு உன்னை மரத்துலேருந்து இறக்க நாலு போலீஸ் வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு அதே போலீஸ்தான் உனக்குக் கார்க் கதவைத் திறந்து விடுது."

"திட்டு. நல்லாத் திட்டிடு."

அவர் திட்டவில்லை. காப்பியை ஊற்றுகிறார். ஆவி அவள் மூக்குக்கண்ணாடியில் படர்கிறது, அவள் துடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒருதரம் 'நீ' என்று பழகிவிட்டால் சாகும்வரை 'நீ'தான். அதை மாற்றிக் கூப்பிட்டால் உறவை அறுத்தாயிற்று என்று அர்த்தம்.

"பால் ஊத்திக்கிறீங்களா, மந்திரியம்மா?"

கோப்பையை நோக்கிப் போன ஆல்முட்டின் கை பாதியிலேயே நிற்கிறது. "நீன்னே சொல்லு, வினாண்ட்."

கிழவர் பால் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

"ஆறிடப் போகுது. குடிங்க."