வலப்பக்கத்துக் கதவு

பனியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெர்னன் வந்துகொண்டிருந்தார்.

பின்னால் அவர் மனைவி. கையில் துணி போட்டு மூடிய பாத்திரம்.

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அயோவாவின் இந்த மூலைக்குக் குடிவந்ததிலிருந்து கையசைத்ததோடு சரி. இன்று ஏன் இப்படித் தலைகுனிந்து வருகிறார்கள்?

விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்றவள் மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தாள்.

மதியம் டவுனுக்குப் போன கணவன் குமரேசன் இன்னும் திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. ரோடெல்லாம் உறைந்து வழுக்கிக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும்போது வாசல் சாத்தியிருக்கக் கூடாது. இந்தப் பழைய வீட்டுக்கோ முன்பக்கம் இரண்டு கதவுகள், அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி. இடப்பக்கத்தது சமையலறைக்குப் போகும். லட்சுமியைச் சமையலறை வழியாகவா கூப்பிடுவது?

வலப்பக்கத்துக் கதவு கூடத்துக்கு. பெயின்ட் இறுகி ஒட்டிப்போயிருந்ததைக் கத்தியால் கீறி, தோளால் முட்டித் திறந்திருந்தாள். நேரே தெரியும்படி விளக்கை வைத்திருந்தாள். அவன் நல்லபடியாக வந்து சேரட்டும்.

வந்தது இவர்கள்.

படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள்.

அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அதே நேரத்தில் வெர்னனும் கேட்டார், யார் இறந்துபோனது என்று.



அவர் மனைவிதான் விளக்கிச் சொன்னாள். இங்கே முதலில் குடியேறிய ஜெர்மன்காரர்கள் இரண்டு கதவு வைத்துத்தான் வீடு கட்டினார்களாம். ஒன்று புழங்குவதற்கு. மற்றது, இந்த வலப்பக்கத்தது, பிணத்தை வெளியே எடுக்க மட்டும். வெர்னன் பிறந்த வீடு இது. அவருடைய அப்பாவை எடுத்தபோது திறந்தது. பிறகு இன்றைக்குத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. சிரித்தேவிட்டாள். எங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை என்றாள். துக்க வீட்டுக்கென்று சமைத்துக் கொண்டுவந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, கும்பிட்டு அனுப்பினாள்.

குளிர் தாங்காமல்தான் கதவைச் சாத்தினாள்.

இருட்டும் நேரத்தில் கார் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

வலப்பக்கத்துக் கதவுக் கண்ணாடிக்கு வெளியே குமரேசன், இரண்டு கையிலும் பை. விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து நேரே அந்தப் படியேறிவிட்டிருந்தான்.

"தொறடி, கை வெறைக்குது."

ஓடிவந்தவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.