கரடிக்கு முன்னால்

டேப்லட்டில் வரைந்ததை அச்சுக்கு அனுப்ப மாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் மறுபடி வரையட்டும்.

"அச்சகத்துக்காரங்களே சரின்னுட்டாங்க. உங்களுக்கு என்னங்க?" என்றாள் மனைவி.

அவள் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். நான் அந்தப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைப்பவன். கல்யாணமான நாளிலிருந்து ஒரே அறை, ஒட்டிப் போட்ட இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர்.

இப்போது அவள் மேசையில் தூசி.

சிலேட்டு அகலத்துக்கு ஒரு டேப்லட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கூடத்து சோபாவுக்குக் குடிபோய்விட்டாள். அறை வாசலுக்கு நேர் எதிரே சோபா. தலையைத் தூக்கினால் தெரிவாள். வீம்புக்கு நான் தூக்குவதில்லை.

காரணங்களை அடுக்கினேன். திரை சின்னது. நிறம் ஏமாற்றும். கோப்பு பெரிதானால் திணறும்.

எல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தால் எனக்கு வேலை ஓடவில்லை. தலை நரைக்கிற வயதில் அதை எந்த வாயால் சொல்வது?

குளிக்கப் போகும்போது டேப்லட்டை என் முன்னால் வைத்தாள்.

"அட்டைப்படம் இருக்கு. குறை கண்டுபிடிச்சு வைங்க."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் ஒரு கரடி. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது. உதடு குவிந்திருக்கிறது. பார்த்ததுமே பிடித்துப்போகிற முகம். அதனாலேயே எரிச்சல் வந்தது.

பெரிதாக்கப் போய், விரல் வேறெதிலோ பட்டது. திரை வெள்ளையாகிவிட்டது.

அழித்துவிட்டேனோ என்று குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைத் திரையில் தானாக ஒரு கோடு ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அவள் போட்ட கோடுகளையெல்லாம் சேர்த்துவைத்திருந்து, முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறது அந்தக் கருவி.

முதலில் வந்தது கரடி இல்லை.

ஒரு மனிதன். முடி பின்வாங்கி அகன்றுபோன நெற்றி. அந்த நெற்றிக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு சொந்தக்காரன்தான். அவனுக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரின் முதுகு.

பிறகுதான் நெற்றியில் ரோமம் முளைத்தது. காதுகள் உச்சிக்கு ஏறின. மூக்கு நீண்டது. கம்ப்யூட்டர் மறைந்து, அந்த இடத்தில் ஒரு தேன்கூடு வந்தது.

அடுத்த படத்தைத் திறந்தேன். கொட்டாவி விடும் கரடி. அதற்கு முன்பு கொட்டாவி விட்டதும் அதே ஆள்தான்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது அட்டையை அச்சகத்துக்கு அனுப்பி முடித்திருந்தேன்.

"என்னை எதுக்கு வரைஞ்ச?" என்றேன்.

திரையைப் பார்த்ததும் விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. டேப்லட்டை வாங்கித் துண்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து உங்க காதை மட்டுந்தான் பாத்திருக்கேன். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு எதிர்ல வந்து உக்கார முடியுமா?"