ஐந்தாவது லாடம்

அந்த மட்டக்குதிரையின் முன்னங்காலுக்கு வந்த ஐந்தாவது லாடம் அது. முதல் நான்கும் கடிக்கிறது என்று குதிரை உதறி உதறியே கழற்ற வைத்தவை.

"உன்னாலதான் நொண்டுறேன்" என்றது குதிரை.

"என்னாலயா? முந்தாநாள் வெல்லச் சாக்கைக் கிழிச்சது யாரு?"

"வாய் தின்னதுக்குக் கால் ஏன் வலிக்கணும், விவரங்கெட்ட இரும்பே?"

"குளம்பைக் குனிஞ்சு பாரு. சுத்திவர நாலு வரி விழுந்திருக்கு. ஒவ்வொண்ணும் நீ மூக்குமுட்டத் தின்ன ஒரு தடவை. இன்னொரு தடவை தின்னா உள்ளே எலும்பே இறங்கிடும். அப்புறம் எழுந்தே நிக்கமாட்டே."

குதிரை குனிந்து பார்த்தது. "அட, கொலுசு போட்ட மாதிரி இருக்கே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால், லாடத்துக்கு ஏற்கெனவே ஏழு ஆணி அடித்திருந்தார்கள்.

மறுநாள் லாடக்காரர் அதையும் பிடுங்கி, அதிர்ஷ்டம் வரட்டும் என்று லாயத்து வாசல் நிலையில் அறைந்துவிட்டுப் போனார். அங்கிருந்து வெல்லச் சாக்கு நன்றாகத் தெரிந்தது. புது லாடத்தோடு குதிரை அதை நோக்கி நொண்டிப் போவதும் தெரிந்தது.

"வேண்டாம்!" என்று கத்தியது லாடம்.

"கழட்டிப் போட்டதுக்கு வாயைப் பாரு" என்றது குதிரை, வாய் நிறைய வெல்லத்தோடு.

மூன்றாம் நாள் காலையில் குதிரையால் எழுந்திருக்க முடியவில்லை.

"இந்த ஆறாவதும் சரியில்லை" என்றது, படுத்தபடியே.