அசல் கூப்பன்

"யார்டா குறுக்கெழுத்தைக் கிழிச்சது?"

சிவநேசன் போட்ட சத்தத்தில் செர்டாங் ஊரின் நாகூர் மீரான் சாப்பாட்டுக்கடையே அதிர்ந்தது. ஞாயிறு பேப்பரில் கைகொள்ளும் அளவுக்கு ஓட்டை. அசல் கூப்பனில் எழுதி அனுப்பினால்தான் பரிசு; ஊரில் மிச்சமிருந்த ஒரே பேப்பர் அது. முப்பது வாரமாக ஒன்றைக்கூட விடாதவனுக்கு வெறி தலைக்கேறியது.

மூலை மேசையில் லோரி ஓட்டும் வசந்தன், வலது கையை இறுகப் பொத்தியபடி எழுந்தான்.

"அண்ணே, சொல்றதைக் கேளுங்க..."

கேட்டால்தானே! செம்பனைக் குலை தூக்கிக் காய்த்துப்போன சிவநேசனின் கை, வசந்தன் வாயிலேயே இறங்கியது. இரண்டு பல் தெறித்தது. கீழே விழுந்தும் அவன் விரலைத் திறக்கவில்லை. சிவநேசன் பூட்ஸ் காலால் அந்தக் கையை மிதித்துத் திருகினான். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"விடு சிவா! வசந்தன் செத்துடப் போறான் லா!" மீரான் பாய் கத்தினார்.

சிவநேசன் கூப்பனைப் பிடுங்கி நீவினான். கட்டங்களில் ஓர் எழுத்துகூட இல்லை. ரத்தம் ஊறிய தாளைத் திருப்பினான்.

ஒரு வயதான அம்மாளின் படம். கீழே, 'இன்று மாலை நான்கு மணிக்கு மெர்போக்கில் தகனம். ஒரே மகன் வசந்தன் எங்கிருந்தாலும் வரவும். கொள்ளி வைக்கக் காத்திருக்கிறோம்.'

"குடுங்கண்ணே," என்று நசுங்கிய வலது கையை நீட்டினான் வசந்தன்.